பூசணிக்காய் வழக்கு

உடைத்த திருஷ்டிப் பூசணிக்காயை யாரும் தொட மாட்டார்கள். உடைத்தவரே திரும்பிப் பார்க்காமல் வண்டியேறிப் போய்விடுவார். வண்டியின் மேல் விழுந்த கண்ணெல்லாம் அந்தக் காய்க்குள் இறங்கிவிட்டது, தொடுகிறவர் கையில் அது ஒட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. ஆயுத பூஜை சமயத்தில் வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குள் போனால், கம்பெனி வாசல்களிலும் முச்சந்திகளிலும் குங்குமம் தோய்ந்த துண்டுகள் கிடப்பதைப் பார்க்கலாம். லாரிகள் ஏறி ஏறித்தான் அவை தீரும்.

அதைப் பூர்ணிமா தொட்டாள்.

பூஜை விடுமுறைக்கு முதல் நாள். கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துக் கும்பிட்டு, பொரியும் சுண்டலும் கொடுத்து, முதல் ஷிஃப்டை மதியத்தோடு விட்டுவிட்டார்கள். பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய கம்பெனி பஸ்ஸின் முகப்பில் இரண்டு வாழைக்கன்றுகள் ஆடின. ஓட்டுநர் நடேசன் பூர்ணிமா இறங்கும் முச்சந்தியில் வண்டியை நிறுத்தினார். பூசணிக்காயின் மேல் கற்பூரத்தை ஏற்றி, பஸ்ஸை மூன்று முறை சுற்றி, "எம் பொண்ணுங்கல்லாம் வருஷம் பூரா பத்திரமா வூடு போய்ச் சேரணும்" என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டு, நடு ரோட்டில் ஓங்கிப் போட்டு உடைத்தார். பஸ்ஸில் வருகிற எல்லாரையும் அவர் பொண்ணுங்க என்றுதான் சொல்வார்.

கீழே நின்ற பூர்ணிமா, "அண்ணே, ஓரமா தள்ளிட்டுப் போலாமே. வளைவுக்கு அந்தாண்ட வர்றவங்களுக்குத் தெரியாது" என்றாள்.

"அத்தத் தொடாதம்மா. உனக்கு ஒட்டிக்கும். வண்டிங்க ஏறி தானா பூடும்" என்று சொல்லிவிட்டு நடேசன் பஸ்ஸை எடுத்தார். சுங்குவார்சத்திரம் போகிறவர்கள் இன்னும் உள்ளே இருந்தார்கள்.

பஸ் போன பிறகும் பூர்ணிமாவுக்கு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. சாமி பேரைச் சொல்லி உடைத்தது இன்னொருத்தர் காலை உடைத்தால் அது என்ன வேண்டுதல் என்று தோன்றியது. வல்லக்கோட்டை முருகனை நினைத்துக்கொண்டு குனிந்தாள். பொரி வாங்கிய கவரைக் காலி செய்து, வழவழவென்று கிடந்த துண்டுகளையும் விதைகளையும் அள்ளி அதில் போட்டாள். குங்குமத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. பாதி ரோட்டைச் சுத்தம் செய்திருப்பாள். வளைவில் ஒரு பைக் வந்தது, எதிரே ஒரு லாரி. கையை ஆட்டிக்கொண்டே ஓடினாள். அதற்குள் பைக் மீதிப் பாதியில் ஏறி வழுக்கிவிட்டது.

விழுந்தவர் பெயர் கோதண்டராமன். பக்கத்துக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். முட்டி கிழிந்து ரத்தம் கொட்டியது. தன் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவி, துப்பட்டாவை மடித்துக் கட்டிவிட்டாள் பூர்ணிமா. அந்த நேரம் பார்த்து ரோந்து ஜீப் வந்தது.

ஏட்டு ஐயனார் இறங்கிப் பார்த்தார். ரோட்டில் பூசணிக்காய். தரையில் ஆள். பக்கத்தில் கை சிவந்த பெண்.

"ஏம்மா, உடைச்சா ஓரமா உடைக்க மாட்டியா?"

"நான் ஒடைக்கல சார். பொறுக்கிக்கினு இருந்தேன்."

"பொறுக்கிக்கினு இருந்தியா? திருஷ்டிப் பூசணிக்காய எவனாவது பொறுக்குவானா? இத்தினி வருஷ சர்வீஸ்ல ஒருத்தன நான் பாத்ததில்ல."

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே பார்த்ததில்லை.

"சரி, நீ உடைக்கல. அப்ப யாரு?"

கற்பூரத்துக்குப் பின்னால் நடேசன் உதடு அசைந்தது பூர்ணிமாவின் கண்ணுக்குள் வந்தது. அவள் யார் பெயரையும் சொல்லவில்லை. ஐயனார் அவள் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டார்.

கார்த்திகை முடியும் சமயத்தில் வீட்டுக்கு சம்மன் வந்தது. பொது வழியில் ஆபத்தும் இடையூறும் உண்டாக்கியதாக வழக்கு. அவள் கணவன் விமல்ராஜ் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"பெட்டி கேஸ்தான். போய் நின்னு ஆமான்னு சொல்லிட்டு ஃபைனக் கட்டிட்டு வந்துரு. எங்க கம்பெனி லைன்ல பாதிப் பேரு கட்டிக்கீறான், ஹெல்மெட் இல்லாம போய்."

"நான் செய்யலையே."

"செய்யலன்னு எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்த ஆமான்னு சொன்னா வாயா வலிக்கும்?"

"வலிக்கும்" என்றாள் பூர்ணிமா.

விமல்ராஜ் கோபத்தோடு எழுந்து வெளியே போனான். அவன் கோபத்துக்கும் காரணம் இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளியாக வருஷக்கணக்கில் ஓட்டிய பூர்ணிமாவின் பெயர், அந்த முறை நிரந்தரம் ஆகப்போகிறவர்கள் வரிசையில் இருந்தது. போலீஸ் நன்னடத்தைச் சான்று மட்டும்தான் பாக்கி. அதற்குள் எப்படியாவது இதை முடித்துவிட வேண்டும் என்பது அவன் கணக்கு.

பஸ்ஸில் விஷயம் அதற்குள் பரவிவிட்டது. பின் சீட்டுக் கலைமதிதான் முதலில் ஆரம்பித்தாள்.

"அன்னிக்கே நடேசண்ணே சொன்னாரு இல்ல, தொட்டா ஒட்டிக்கும்னு? பாரு, கேஸு ஒட்டிக்கினு வந்துச்சு."

"அடுத்தவன் திருஷ்டிய எதுக்குக்கா நீ வாரிக்கின?" என்று இன்னொருத்தி கேட்டாள்.

"ரோட்டுல போறவனும் யாரோ பெத்த புள்ளதானே" என்றாள் பூர்ணிமா.

"தோடா, மதர் தெரசா. ஆறு மாசம் உள்ள வெப்பாங்களாம். எங்க மாமா சொன்னாரு. பாஸ்போர்ட்டு கூட கெடைக்காதாம்."

"எனக்கு எதுக்குடி பாஸ்போர்ட்டு? பக்கத்துல கீற படப்பைக்குப் போறதுக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். நடேசன் மட்டும் சிரிக்கவில்லை. முச்சந்தியில் பூர்ணிமா இறங்கும்போது மெதுவாகக் கேட்டார். "ஆறு மாசமாம்மா?"

"தெரியலண்ணே."

"எனக்கு லைசன்ஸு பூடுச்சின்னா அவ்ளோதாம்மா. வேற தொழிலு தெரியாது."

பூர்ணிமா படியில் நின்றபடியே சொன்னாள். "உங்க பேர நான் சொல்ல மாட்டேண்ணே. சொல்றதா இருந்தா நீங்கதான் சொல்லணும். ஆனா உங்க தப்ப என் பேர்ல எழுதிக்கவும் மாட்டேன்."

நடேசன் கண்ணாடியைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு வெகுநாள் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நீதிமன்றத்துக்கு அவள் தனியாகத்தான் போனாள். மார்கழி மாதம், காலையிலேயே நெற்றியில் திருநீறு பூசியிருந்தாள். வராந்தாவில் பெட்டி கேஸ் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். பொது இடத்தில் குடித்தவர், ரோட்டில் தள்ளுவண்டியை நிறுத்தியவர், பஸ் ஸ்டாண்டில் சண்டை போட்ட இரண்டு பேர். ஐயனார் வரிசையின் நெடுக நடந்து பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பேரு கூப்ட்டதும் கையக் கட்டிக்கினு நில்லு. அய்யா கேட்டா ஆமாங்கய்யான்னு சொல்லு. வேற எதுவும் பேசாத. கட்டிட்டு மத்தியான ஷிஃப்டுக்கே போயிரலாம்."

பூர்ணிமாவிடம் வந்ததும் குரலைத் தாழ்த்தினார். "உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். வேலைக்குப் போற பொண்ணு. எதுக்கு இழுத்துக்கினு?"

"உண்மையச் சொன்னா இழுக்குமா சார்?"

"அதான் ரொம்ப இழுக்கும்" என்றார் ஐயனார். அதையும் அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

வராந்தாவின் கோடியில் இலவச சட்ட உதவி என்று ஒரு பலகை இருந்தது. அந்த அறையில் தேவிப்பிரியா என்ற இளம் வக்கீல் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் யாராக இருந்தாலும் கட்டணமில்லாமல் வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்பதே பூர்ணிமாவுக்கு அன்றுதான் தெரியும். ஆறு மாதம் உள்ளே வைப்பார்களா என்று பூர்ணிமா கேட்டாள். தேவிப்பிரியா சம்மனை வாங்கிப் படித்தாள்.

"பயப்படாதீங்க. இந்தப் பிரிவுக்கு அபராதம் மட்டும்தான். சிறைத் தண்டனையே கிடையாது. கட்டாம விட்டாத்தான் அதுக்குப் பதிலா சிறை. அவருக்குக் காயம் பட்டதையும் சேர்த்து வேற பிரிவுல போட்டிருந்தா ஆறு மாசம் வரைக்கும் போகும். ஆறு மாசம்னு உங்ககிட்ட யாரோ சொன்னது அதுவா இருக்கும். இதுல அது இல்ல."

"அப்ப ஆமான்னு சொல்லிட்டா முடிஞ்சிருமா மேடம்?"

"வழக்கு முடிஞ்சிடும். ஆனா அதை ஜனங்க தப்பாப் புரிஞ்சு வச்சிருக்காங்க. டிக்கெட் எடுக்கிற மாதிரி நினைக்கிறாங்க. அது தீர்ப்புங்க. நீங்க குற்றவாளின்னு தீர்ப்பெழுதி, அப்புறம்தான் அபராதம் போடுவாங்க. நாளைக்கு எங்கயாவது, எப்பவாவது தண்டனை வாங்கியிருக்கீங்களான்னு கேட்டா, ஆமான்னுதான் நீங்க எழுதணும். நிறையப் பேரு இல்லன்னு எழுதிடறாங்க. உங்களால அப்படி எழுத முடியுமா?"

பூர்ணிமா சம்மனைத் திரும்ப வாங்கி மடித்தாள். "ஒரு தடவ பொய் சொன்னா, அதுக்காக இன்னொரு தடவயும் சொல்லணும்" என்றாள்.

"ஆமா. ஆனா மறுத்தீங்கன்னா வாய்தாவுக்கு வரணும். லீவு போடணும். ஜெயிப்போம்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. கடைசியில தோத்தாலும் அதே அபராதம்தான்."

"தோத்தா தோக்கட்டும் மேடம். என் வாயால சொல்ல மாட்டேன்."

உள்ளே வேலை வேகமாக நடந்தது. பெயர், கேள்வி, ஆமாங்கய்யா, அபராதம். அடுத்த பெயர், கேள்வி, ஆமாங்கய்யா. நீதிபதி தலை நிமிரவே நேரமில்லை. பூர்ணிமாவின் முறை வந்தது.

"பொது வழியில் பூசணிக்காயை உடைத்துப் போட்டு ஆபத்து உண்டாக்கினீர்கள் என்று குற்றச்சாட்டு. ஒப்புக்கொள்கிறீர்களா?"

"இல்லைங்கய்யா."

குமாஸ்தாவின் பேனா அதற்குள் ஒப்புக்கொண்டார் என்று பாதி எழுதிவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அந்தச் சொல்லை அடித்தார். நீதிபதியும் நிமிர்ந்தார்.

"அபராதம் மட்டும்தாம்மா. வழக்கு நடந்தா திரும்பத் திரும்ப வரணும். தெரியுமா?"

"தெரியுங்கய்யா. வரேன்."

"எதுக்கு?"

"நான் செய்யலைங்கய்யா. செஞ்சேன்னு சொன்னா அது பொய்யி. கோர்ட்டுல பொய் சொல்லக் கூடாதுங்கய்யா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. சாட்சி விசாரணைக்கு மாசி மாதத்தில் ஒரு நாள் குறித்தார்.

மறுநாள் அவளே கம்பெனியின் எச்.ஆர். மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னாள். மேடம் வருத்தப்பட்டார். வழக்கு நிலுவையில் இருக்கிற பெயரை இந்த முறை அனுப்ப முடியாது என்றார். "ஃபைனைக் கட்டி முடிச்சிருக்கலாமே பூர்ணிமா."

"கட்டியிருந்தா நான் குற்றவாளின்னு சொல்லிக்கிட்டு வந்து நின்னிருப்பேன் மேடம். இப்ப இல்லன்னு சொல்லிக்கிட்டு நிக்கிறேன்."

அந்த முறை நிரந்தரமானவர்களில் கலைமதியின் பெயர் இருந்தது, பூர்ணிமாவின் பெயர் இல்லை. அன்று மாலை பஸ்ஸில் கலைமதி லட்டு கொடுத்துக்கொண்டு வந்தாள். பூர்ணிமாவிடம் வந்ததும் கை தயங்கியது. பூர்ணிமாவே டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நல்லா கீதுடி. இன்னொண்ணு குடு" என்றாள். கலைமதி டப்பாவையே அவள் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் திருஷ்டியைப் பற்றிப் பேசியதில்லை.

வீட்டுக்குப் போய் சாமி படத்துக்கு முன்னால் நின்றபோதுதான் பூர்ணிமாவுக்கு அழுகை வந்தது. முருகனிடம் அவள் வேலையைக் கேட்கவில்லை. விசாரணை நாள் வரை தன் சொல் மாறாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள். விமல்ராஜ் வாசலில் நின்று பார்த்தான்.

மாசி மாதம் வாய்தா அன்று அவள் எழுந்தபோது சமையலறையில் விளக்கு எரிந்தது. விமல்ராஜ் புளி கரைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க இது?"

"கோர்ட்டாண்ட ஓட்டல்ல நல்லா இருக்காது. லீவு போட்டுக்கீறேன். பைக்குல போலாம்." புளிசாதத்தை டப்பாவில் அமுக்கி அமுக்கி வைத்தான். "நிறையவே கட்டிக்கீறேன். நாளெல்லாம் உக்கார வச்சிருவாங்க."

கூண்டில் முதலில் ஏறியவர் கோதண்டராமன். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். வழுக்கியது உண்மை, பூசணிக்காயில்தான் வழுக்கியது, முட்டியில் தையல். பிறகு தேவிப்பிரியா எழுந்தாள்.

"இவங்க உடைச்சதை நீங்க பார்த்தீங்களா?"

"இல்லைங்க. நான் வர்றப்ப குனிஞ்சு பொறுக்கிக்கினு இருந்தாங்க. ரோட்டுல பாதி சுத்தமா இருந்துது. மீதிப் பாதியிலதான் வழுக்குனேன். வழுக்கி, அவங்க சுத்தம் பண்ண பக்கமாத்தான் போய் நின்னேன். அங்கயும் அது கெடந்திருந்தா நேரா எதிர்ல வந்த லாரிக்கடியில போயிருப்பேன்."

"இதை ஏன் போலீஸ்ல சொல்லல?"

"எதுல வழுக்குனேன்னுதான் கேட்டாங்க. யாரு பொறுக்குனாங்கன்னு கேக்கல." கோதண்டராமன் பூர்ணிமாவின் பக்கம் திரும்பினார். "துப்பட்டாவ துவைச்சு எடுத்தாந்துக்கீறேன்மா. கறை முழுசாப் போகல."

அடுத்து ஐயனார் ஏறினார்.

"நீங்களாவது பார்த்தீங்களா, உடைச்சதை?"

"இல்ல மேடம். கை சிவப்பா இருந்துது."

"பொறுக்கினாலும் கை சிவக்குமா?"

ஐயனார் யோசித்தார். பொய் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் அந்த இடத்தில் சொல்லியிருப்பார். "சிவக்கும் மேடம். ஆனா திருஷ்டிப் பூசணிக்காய யாரும் பொறுக்க மாட்டாங்க."

"இந்த ஊர்ல ஒருத்தர் பொறுக்கியிருக்காங்க" என்றார் நீதிபதி. அரசு வக்கீலைப் பார்த்தார். அரசு வக்கீல் வேறு சாட்சி இல்லை என்றார். சாப்பாட்டு இடைவேளைக்கு முன்பே விடுதலை என்று தீர்ப்பு வந்தது.

வெளியே வந்தவள் வேப்பமரத்தடியில் காக்கிச் சட்டையைப் பார்த்தாள். நடேசன். கூட்டத்தைப் பார்த்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"காலையிலயே வந்துட்டேன்மா. உள்ள வரணும்னுதான் வந்தேன். படிக்கட்டு வரைக்கும் போனேன். அதுக்கு மேல காலு வரல."

"முடிஞ்சிருச்சுண்ணே. விட்டுட்டாங்க."

நடேசன் இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "அப்ப நான் போலாமாம்மா?"

உடைத்தது யார் என்று விமல்ராஜுக்கு இப்போதுதான் புரிந்தது. வாயைத் திறக்கப் போனான். பூர்ணிமா அவன் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"போறதுன்னா போலாம்ணே. யாரும் உங்களக் கேக்கல. சாப்ட்டீங்களா?"

"இல்ல."

"உக்காருங்க. எங்க வூட்டுக்காரரு கட்டிக் குடுத்துக்கீறாரு. மூணு பேருக்குத் தாங்கும்."

மரத்தடியில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். டப்பா மூடியில் நடேசனுக்குச் சாதம் போட்டு, வடகத்தை நொறுக்கி ஓரத்தில் வைத்தாள். அவள் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விமல்ராஜ் புளி சரியாக இருக்கிறதா என்று கேட்டான். நடேசன் இரண்டு வாய் சாப்பிட்டார். சட்டென்று எழுந்து குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு, ஜீப்பில் ஏறப்போன ஐயனாரை நோக்கி நடந்தார்.

"அய்யா. அந்தப் பூசணிக்காய ஒடைச்சது நான்."

"எந்தப் பூசணிக்கா?" ஐயனார் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஓ. கேஸு முடிஞ்சு போச்சுய்யா. நீ வண்டிய எடுத்துக்கினு கெளம்பு."

"எழுதுங்கய்யா."

"இன்னாய்யா வம்பு இது. ஒருத்தி எழுதாதன்றா, ஒருத்தன் எழுதுன்றான். எனக்கு வேற வேல இல்லையா?"

"எம் பேர எழுதுங்கய்யா. அந்தப் பொண்ணுக்கு வேல தள்ளிப் போச்சு. நான் வாய மூடிக்கினு வண்டி ஓட்டிக்கினு இருந்தேன். தெனம் அவ ஏர்றப்ப எனக்கு ஸ்டீயரிங்கு புடிக்க முடியலய்யா."

தேவிப்பிரியா படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து, உள்ளதை உள்ளபடி சொன்னாள். இதே பிரிவு என்றால் அபராதம்தான், இதற்கு லைசன்ஸ் போகாது. காயத்தையும் சேர்த்தால் ஆறு மாதம் வரை போகலாம். சேர்ப்பார்களா மாட்டார்களா என்று தனக்குத் தெரியாது.

நடேசன் அவள் பக்கம் திரும்பினார். "சேத்தா சேக்கட்டும்மா. ஆறு மாசம்னு நெனச்சுக்கினு பயந்தே இத்தினி மாசத்த ஓட்டிட்டேன். இது அத்தவிட மோசம்."

ஐயனார் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டார். "ஏறு. ஸ்டேஷன்ல எழுதிக்கலாம். மொதல்ல அந்தப் பொண்ணு போட்ட சோத்த முழுசாத் துன்னுட்டு வா. வேஸ்ட் பண்ணாத."

கோதண்டராமன் தனக்கு வேறு புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். ஐயனாரும் காயத்தைச் சேர்க்கவில்லை.

சித்திரை வெயிலில் நடேசனின் பெயர் கூப்பிடப்பட்டது. அதற்கு முன்பே விடுதலைத் தீர்ப்பின் நகல் கம்பெனிக்குப் போய், அடுத்த முறைக்கான பெயர்களில் பூர்ணிமாவைச் சேர்த்திருந்தார்கள். அவள் அன்று ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கலைமதியும் வந்திருந்தாள்.

வரிசையில் முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஆமாங்கய்யா என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். நடேசன் கையைக் கட்டவில்லை. இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்து நிமிர்ந்து நின்றார்.

"ஒப்புக்கொள்கிறீர்களா?"

"ஆமாங்கய்யா. நான்தான் ஒடைச்சேன். ஓரமா தள்ளிட்டுப் போன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நான் கேக்கல."

சொன்னது கடைசி பெஞ்சு வரை கேட்டது. நீதிபதி அவரை ஒரு கணம் பார்த்தார். குமாஸ்தா இந்த முறை எதையும் அடிக்காமல் எழுதினார்.